இஞ்சி பியர் வெடித்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

கந்தப்பளையிலிருந்து

போன தைப்பொங்கலுக்கு வத்தளையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வழக்கமாக கேரட்டும் லீக்ஸும்தான் கொண்டுபோவேன். இந்த முறை கையால் செய்த இஞ்சி பியர், ஆறு போத்தல். முறை சொல்லித்தந்தது அத்தான், போனில். ஐந்து லிட்டர் தண்ணீர், கால் கிலோ இஞ்சி, அரைக் கிலோ சீனி, நாலு எலுமிச்சை, ஒரு பிடி பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), அரைத் தேக்கரண்டி பாண் ஈஸ்ட். இரண்டு நாள் வாளியில், மூன்றாம் நாள் போத்தலில். பிளம்ஸ் ஊதி மேலே மிதந்தால் சரி என்றார்.

கொழும்புப் பக்கத்து வத்தளைச் சூட்டில் இரண்டு நாள் சரிதான். நுவரெலியாவை ஒட்டிய எங்கள் பக்கம் தை மாத விடியற்காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் நானே போர்வைக்குள் இருந்து கையை வெளியே எடுக்கவில்லை. ஈஸ்ட் மட்டும் எழும்பி வேலை செய்யும் என்று நம்பியிருக்கிறேன். இரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் பிளம்ஸ் அத்தனையும் அடியில். காதை வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. இன்னும் அரைக் கரண்டி ஈஸ்ட் போட்டேன். மூன்றாம் நாள் ஓரத்தில் மட்டும் கடுகு அளவில் நாலைந்து குமிழ். வாயில் விட்டால் பாணி மாதிரி ஒரே இனிப்பு. ஆனால் ரயிலுக்கு சீட் போட்டாகிவிட்டது. கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, மூடியை இறுக்கிக்கொண்டு நானுஓயாவில் ஏறிவிட்டேன்.

அக்கா ஆறையும் அலுமாரி மேல் அடுக்கி வைத்தார். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணியிருக்கும். டமார்! டிரான்ஸ்போமர்தான் போய்விட்டது என்று அத்தான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவர் வாசலில் நிற்கும்போதே உள்ளே இரண்டாவது. பிறகு இன்னொன்று. கண்ணாடித் துண்டு ஒன்று எதிர்ச் சுவர்க் கலண்டரில் குத்திக்கொண்டு நின்றது. நல்லவேளை, பிள்ளைகள் அடுத்த அறையில். மிச்ச மூன்றையும் ஈரச் சாக்கில் சுற்றி முற்றத்துக்கு எடுத்துப் போனோம். அந்த வீட்டில் எறும்பு வந்தால் இன்றுவரை எனக்குத்தான் திட்டு.

எங்கே பிழை? ஈஸ்ட் கூடிப்போனதா?

ஹட்டனிலிருந்து

அண்ணா, உங்களுக்கு வெடிக்கவாவது செய்தது. என்னுடையது கடைசிவரை எழும்பவே இல்லை. மலையில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும், அவ்வளவு சூடு இருக்காது என்று நானே ஒரு விஞ்ஞானம் பேசி, இறக்கிய கையோடு ஈஸ்ட்டைக் கொட்டினேன். 60 பாகையிலேயே செத்துப்போகும் உயிரை 90இல் போட்டால் என்ன மிஞ்சும்? பள்ளிக்கூடத்தில் ஈஸ்ட்டை ‘மதுவம்’ என்று படித்தபோது அது உயிருள்ள சாமான் என்று மண்டையில் ஏறவில்லை.

இப்போது முதலில் சோதனை. விரல் வைத்தால் இதமாக இருக்கிற சுடுதண்ணீர் அரைக் கோப்பை, ஒரு கரண்டி சீனி, அதில் ஈஸ்ட். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே நுரை கட்டிப் பாண் வாசம் வந்தால்தான் வாளிக்குள் போகும். அப்புறம் வாளியைக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரையில் வைப்பேன். போன மாதம் பக்கத்துக் காம்பரா (அறை) மாமா வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ள, கசிப்பா?” என்று, கள்ளச்சாராயம் என்று நினைத்து, மெதுவாகக் கேட்டார். ஒரு கிளாஸ் கொடுத்தேன். இனிப்பு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

பண்டாரவளை, இப்போது டொராண்டோவிலிருந்து

தம்பி, முறையில் பிழை இல்லை, நாள் கணக்கில்தான் பிழை. ஒரு கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய அரைக் கிராம் வாயு, அரைக் கிராம் மதுசாரம் (அல்ககோல்). கடைச் சோடாவில் ஒரு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வாயுதான் இருக்கும். உங்கள் போத்தலில் லிட்டருக்கு 100 கிராம் சீனி கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு புளித்தாலே 10 கிராம் வாயு. குளிரில் தூங்கின ஈஸ்ட் வத்தளையின் 30 பாகையில் எழும்பினால் அதோடு நிறுத்துமா? இரண்டாவது கரண்டி வேகத்தைக் கூட்டியிருக்கலாம். வெடிமருந்து சீனிதான்.

எனக்கு நடந்தது நேர்மாறு. இங்கே சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் செய்யலாம். முதல் தடவை, பனிக்காலம் என்று பயந்து வாளியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏல் என்கிற பியர் வகைக்குப் போடும் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 பாகை போதும். புளிக்கும்போது அதுவே சூடு கிளப்பும் என்று எனக்குத் தெரியாது. வாளிக்குள் 29. இரண்டே நாளில் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ருசி? பழுத்த வாழைப்பழமும் நகப்பூச்சு துடைக்கிற மருந்தும் கலந்த மாதிரி. இருபது லிட்டரையும் சிங்க்கில் ஊற்றினேன், மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஹைட்ரோமீட்டர் இல்லாமல் மூடியைத் தொடுவதில்லை. அது திரவத்தின் அடர்த்தியைக் காட்டும், சீனி குறையக் குறைய எண் இறங்கும். 1.050இல் தொடங்கியது 1.010க்குப் பக்கத்தில் இறங்கி, மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லிட்டருக்கு 6, 7 கிராம் சீனி அளந்து போட்டுப் போத்தல். குமிழ் நின்றதை மட்டும் நம்பாதீர்கள், குளிர்ந்தாலும் நிற்கும்.

குளிரைத் திட்டவும் வேண்டாம். லாகர் என்கிற இன்னொரு பியர் வகையின் ஈஸ்ட் 8 முதல் 13 பாகையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். 1881இல் பியர் வடிசாலையை நுவரெலியாவில் போட்டவர்களுக்கு அந்தக் குளிரும் ஊற்றுத் தண்ணீரும் கைகொடுத்திருக்கும்.

மறுபடி கந்தப்பளை

நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன கணக்கையே என் வாளிக்குப் போட்டுப் பார்த்தேன். புளித்து முடியட்டும் என்று விட்டால் அரைக் கிலோ சீனியில் 250 கிராம் மதுசாரம். ஐந்து லிட்டரில் அது 6 வீதத்துக்கு மேல், கடை லாகரையே தாண்டுகிறது. இனிப்பும் இருக்காது, பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் அப்படிச் செய்தால் சட்டப்படி குற்றம். பக்கத்துக் காம்பரா மாமா கேட்ட கேள்வியைப் பொலிஸ் கேட்கும்.

ஆக, இனிப்பு மிச்சம் இருக்கும்போதே குளிரில் வைத்துக் குடித்துவிட வேண்டிய சாமான் இது. ஹட்டன் தங்கச்சி சொன்ன மாதிரி நுரைச் சோதனை செய்து, கம்பளி சுற்றி மறுபடி போட்டேன். நாலாம் நாள்தான் பிளம்ஸ் மேலே வந்தது. இந்தத் தடவை எல்லாம் பிளாஸ்டிக் சோடாப் போத்தல், கழுத்தில் நாலு விரல் இடம் விட்டு. காலையும் மாலையும் ஒன்றை அமுக்கிப் பார்ப்பேன். இன்று காலை விரல் உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் பிரிஜ்ஜுக்குள் தள்ளிவிட்டேன்.

வத்தளைக்கு இனி கேரட்டும் லீக்ஸும் மட்டும்தான். இஞ்சி பியர் வேண்டுமென்றால் அக்காவை மேலே வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கூல் லீவுக்கு வருகிறாராம். அத்தான் மட்டும், எந்தக் காம்பராவில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.