உப்புத்தண்ணி மீன் தொட்டியில் பழுப்பு நூல்: யாருக்காவது வந்திருக்கா?

காட்பாடி ரீஃப்:
டயாட்டம்ன்ற பழுப்புப் பாசி, முடிப்பாசி எல்லாம் புதுத் தொட்டின்னா வர்றதுதான், விடுங்க. கடைக்காரர் சொன்னாருன்னு பாஸ்பேட்டை உறிஞ்சற ஜிஎஃப்ஓ போட்டேன். பாஸ்பேட் 0, நைட்ரேட்டும் 0. அந்த வாரமே மணல் மேல பழுப்பு நூல், நுனிக்கு நுனி காத்துக் குமிழி. ராத்திரி கரண்ட் போனப்ப டார்ச் அடிச்சுப் பார்த்தா மணல் வெள்ளை வெளேர்னு கீது! மறுநாள் மத்தியானம் லைட்டுக்குக் கீழ திரும்ப அதே நூல். அதை மேய்ஞ்ச டர்போ நத்தை கவுந்து கிடக்குது. இன்னா ஜந்துபா இது?

சத்துவாச்சாரி:
அண்ணே, டயாட்டம்தான். நம்ம ஊரு போர் தண்ணியில டயாட்டத்துக்குத் தீனியான சிலிகேட் வராம இன்னா வரும்? என் ஆர்ஓ தண்ணியே டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) 40 காட்டுச்சு. மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசின் மாட்டி 0 ஆனப்புறம்தான் கண்ணாடி தெளிஞ்சுது. உங்க டிடிஎஸ் எவ்ளோ?

ஆம்பூர்க்காரன்:
டயாட்டம் ராத்திரிக்கு ராத்திரி மறையாது தம்பி. நத்தை செத்ததைப் படிச்சீங்களா இல்லையா? எனக்கு வந்தது சிவப்பு சயனோ பாக்டீரியா, பாலாடை மாதிரி உரிச்சு எடுத்தேன். அந்த வாடை இன்னும் மூக்குல நிக்குது. என் கதை அவ்ளோதான்.

காட்பாடி சார், உங்களது டைனோ, அதாவது டைனோஃபிளாஜெலேட்ன்ற ஒரு செல் உயிரி. கொஞ்சம் உறிஞ்சி பாட்டில்ல நல்லா குலுக்கி, டிஷ்யூல வடிகட்டி, வடிஞ்ச தண்ணியை வெளிச்சத்துல ஒரு மணி நேரம் வைங்க. திரும்ப நூலா சேர்ந்தா டைனோதான். ஜிஎஃப்ஓவைக் கழட்டுங்க. நைட்ரேட்டை 5-10 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05-0.1க்கு மெதுவா ஏத்துங்க. ரெண்டும் 0 ஆனா மத்த பாசி பட்டினியில சாகும், காலி இடத்தை இது பிடிச்சுக்கும். தண்ணி மாத்தறதை நிறுத்துங்க. டைனோவுல ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைன்னா ராத்திரி மணலை விட்டுத் தண்ணிக்குள்ள கலந்துடும், அப்ப தண்ணியை யூவி லைட் வழியா ஓட்டினா மாட்டும். அதுல விஷம் இருக்கு, கிளவுஸ் இல்லாம கைவிடாதீங்க.

குடியாத்தம்:
கத்திரியில தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாம ரீஃப் (பவளத் தொட்டி) வைக்கிறவங்களைத்தான் நான் கும்பிடணும். எனக்கு 32 டிகிரி, பவளம் வெளுத்தே போச்சு.

காட்பாடி ரீஃப்:
வைத்தியமே கேக்கல, அதுக்குள்ள இவ்ளோவா! டிஷ்யூ சோதனை பண்ணேன், நூல் சேர்ந்துடுச்சு. இப்ப பாஸ்பேட் 0.06. கண்ணாடியில பச்சை படியுது, நூல் குறைஞ்சிருக்கு.

சத்துவாச்சாரி:
டிடிஎஸ் எவ்ளோன்னு இன்னும் சொல்லலியே அண்ணே.