வெளிநாடு போறவிய மெமரி கார்டைச் சோதிச்சுட்டுப் போங்க: எங்க பத்துமலை அனுபவம்

டவுன் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டாவது தடவையா மலேசியா போறோம், அதுக்கு முன்னாடி மொத தடவ நடந்தத இங்கன எழுதிரணும்னு தோணுச்சு. நம்ம பக்கம் சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு ஆள் போகாத தெரு கம்மி, இதப் படிச்சுட்டு ஒருத்தராவது கார்டைச் சோதிச்சுட்டுப் போனா எனக்கு அதுபோதும்.

எங்க பெரியம்மா கல்யாணமாகி மலேசியாவுல கிள்ளான் போனவிய. அம்மாவும் அவியளும் நேர்ல பாத்து 18 வருசம் ஆச்சு. போறதுக்கு முன்ன கேமராவுக்காக ரெண்டு மாசம் யோசிச்சேன், திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து வண்ணாரப்பேட்ட வரைக்கும் கடைகடையா ஏறி எறங்கி கடைசியில கேனான் 1500டி, கூட வர்ற 18-55 லென்ஸோட வாங்குனேன். கார்டுக்கு பத்து நிமிசம்கூட யோசிக்கல. ஒரு எடத்துல 128 ஜிபி கார்டு பாதி வெலைக்குக் கெடச்சுது, அட்டையில பெரிய கம்பெனி பேருதான் போட்டிருந்துச்சு, கேமராவுல போட்டா 128ன்னுதான் காட்டுச்சு, சரின்னு பைக்குள்ள போட்டுட்டேன்.

திருச்சி போயி ஃப்ளைட் ஏறுனோம். பினாங்குல மூணு நாளு, நல்லா படம் வந்துச்சு, வீடியோவும் எடுத்தேன். அப்புறம் கோலாலம்பூர், பத்துமலை. அங்க போனவியளுக்குத் தெரியும், 42.7 மீட்டர் முருகன் செலை, 2006ல தொறந்தது, பக்கத்துலயே 272 படி, படி பூரா கலர் கலரா பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாவ. அம்மாவும் பெரியம்மாவும் கையப் புடிச்சுக்கிட்டு செலைக்கு முன்னால நின்னாவ, நான் தள்ளி நின்னு கேமராவப் படுக்கையா வச்சு கிரீடத்துல இருந்து இவிய கால் வரைக்கும் வர்ற மாதிரி எடுத்தேன். எடுத்ததும் ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் 272 படியும் ரெண்டு பேரும் நின்னு நின்னு ஏறுனாவ, மேல குகைக் கோயிலுக்குள்ள போயி முருகனக் கும்பிட்டு அம்மா அழுதாவ, எல்லாத்தயும் எடுத்தேன், எடுத்த ஒவ்வொண்ணும் ஸ்கிரீன்ல ஒரு செகண்டு வந்துட்டுத்தான் போச்சு.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா பினாங்கு படம் பூரா இருக்கு. அந்தச் செலைப் படத்துல மேல வானமும் முருகனோட தங்க கலர் கிரீடமும் வேலும் இருக்கு, இடுப்புக்குக் கீழ ஒரே சாம்பல் கலர். அம்மாவும் பெரியம்மாவும் நின்ன எடத்துல ஒண்ணுமே இல்ல, சிலேட்டு மாதிரி கெடக்கு. அதுக்குப் பொறவு உள்ள படம் ஒண்ணுகூட தொறக்கல. ஃபைல் பேரு வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் 7 எம்பி 8 எம்பின்னு காட்டுது, தொறந்தா வராது. அம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, அந்தப் பாதிப் படத்த மட்டும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாவ.

பெரியம்மாவுக்கு இப்ப முட்டு தேஞ்சு போச்சு, இனி படி ஏற மாட்டாவ. அதான் இந்தத் தடவ எதையும் விட்டுரக் கூடாதுன்னு இருக்கேன். கேமராவும் வேற பாக்கேன், இது கழுத்துல கெடந்து கெடந்து வலிக்கு. வெளிநாடு கொண்டுபோன அனுபவம் உள்ளவிய சொல்லுங்க.

பாளை ஸ்டூடியோ அண்ணாச்சி:

தம்பி, படிச்சதும் மனசு கெட்டுப் போச்சு. இது எங்கிட்ட வாரத்துக்கு ஒருத்தர் கொண்டுவர்ற கேஸ்தான். உங்க கார்டு 128 கெடையாது, 16ஓ 32ஓ ஜிபி உள்ள ஒரு மெமரி சிப்ப வச்சு, கார்ட நடத்துற கன்ட்ரோலர்ல 128ன்னு பொய் சொல்ல எழுதி வச்சிருப்பானுவ. கேமரா அந்தப் பொய்ய நம்பிரும். ஃபைல் பேரு, சைஸ் எழுதுற பட்டியல் கார்டோட தொடக்கத்துல இருக்கதால அது ஒழுங்கா இருக்கும், படம் எழுத வேண்டிய எடம் தீந்துபோச்சுன்னா அதுக்கு மேல எழுதுறது எங்கயும் போயி சேராது. முருகன் படத்துல பாதி எழுதும்போது உண்மையான எடம் முடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். எடுத்த ஒடனே ஸ்கிரீன்ல தெரியுறது கார்டுல இருந்து வர்றது இல்ல தம்பி, கேமராவோட சொந்த மெமரியில இருந்து வர்றது. அதனாலதான் நல்லா இருக்குன்னு நீங்க நம்புனீய. தெனம் ராத்திரி பிளே பட்டனை அமுக்கி பழைய படத்துக்குத் திரும்பப் போயி, பெருசு பண்ணிப் பாத்துருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

தவறி அழிச்ச படம்னா ஃபோட்டோரெக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அந்தக் கார்டுல மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காம ஒடனே கழட்டி வச்சா பெரும்பாலும் மீட்டுரலாம். உங்க விசயம் வேற, எழுதவே இல்லாதத யாரும் மீட்க முடியாது. எவனாவது மீட்டுத் தாரேன்னு துட்டு கேட்டா குடுத்துராதீய.

புதுக் கார்டு வாங்குனா, பில் போட்டுத் தர்ற கடையில வாங்குங்க, வீட்டுக்கு வந்ததும் முழுக்க நெரப்பிச் சோதிங்க. அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ்னா ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ், மேக்னா எஃப்3 (F3). கார்டு பூரா எழுதி, திரும்ப முழுக்கப் படிச்சு, ரெண்டும் ஒண்ணான்னு பாத்துச் சொல்லும். 64 ஜிபிக்கு நல்ல ரீடர் இருந்தா ஒரு மணி நேரம் முன்னபின்ன ஆகும். சும்மா ப்ராப்பர்ட்டீஸ்ல எத்தன ஜிபின்னு பாக்குறது சோதனையே கெடையாது.

கார்டு மேல கொட்ட எழுத்துல போட்டிருக்க ஸ்பீடு படிக்கிற வேகம், எழுதுற வேகம் இல்ல. எழுதுறதுக்குப் பாக்க வேண்டியது அந்தச் சின்ன குறி: 10ன்னு வட்டத்துக்குள்ள இருந்தா கொறஞ்சது செகண்டுக்கு 10 எம்பி, யு3 இல்லன்னா வி30ன்னா 30 எம்பி. 4கே வீடியோ பல கேமராவுல செகண்டுக்கு 100 மெகாபிட்ல ஓடும், எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு, அதனால அது செகண்டுக்கு 12.5 எம்பிதான், ஒரு நிமிசத்துக்கு 750 எம்பி. அதனால வி30 தாராளம், அதைவிட வேகமான வி90க்கு துட்டக் கொட்ட வேண்டாம். ஒரு 128க்குப் பதிலா ரெண்டு 64 வாங்குங்க, ஒண்ணு போனாலும் பாதிப் பயணம் மிஞ்சும். போன்ல போடுற குட்டிக் கார்ட அடாப்டர்ல மாட்டிக் கேமராவுல போடாதீய, அந்த அடாப்டர்ல தொடுப்பு விட்டுப்போயி ரெண்டு கல்யாண வேலையில நான் பட்டுட்டேன்.

கேமரா கேட்டியளே. உங்க 1500டி லென்ஸோட 700 கிராம்கிட்ட வரும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் உள்ளது 300 கிராம்தான், சட்டப் பைக்குள்ள போயிரும். அதுல வெளிச்சத்தப் படமாக்குற சென்சார் 1 இஞ்ச் வகை, 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், உங்களுதுல மூணுல ஒரு பங்குதான் பரப்பு. ஆனா லென்ஸ் எஃப்1.8 வரைக்கும் தொறக்கும் (இந்த எஃப் நம்பர் கொறயக் கொறய வெளிச்சம் கூட வரும்), உங்க லென்ஸ் எஃப்3.5தான், அதைவிட மூணரை மடங்குக்கு மேல வெளிச்சம் வாங்கும். கூட்டிக் கழிச்சுப் பாத்தா குகைக்குள்ள ரெண்டும் சரிக்குச் சரி. ஆறும் ஏழும் 24-200 ஜூம், ஆனா லென்ஸ் எஃப்2.8தான், பத்துமலைக்கு உள்ள எனக்கு மூணு, நாலு, அஞ்சுதான் புடிக்கும். செகண்ட்ஸ்ல வாங்குனா லென்ஸ்குள்ள டார்ச் அடிச்சு பூஞ்சை இருக்கான்னு பாருங்க, தூத்துக்குடி, உவரி மாதிரி கடல் பக்கம் இருந்த கேமரான்னா கண்டிப்பாப் பாருங்க.

அம்பை டீச்சர்:

தம்பி, உங்க அம்மாவ நெனச்சு எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. நான் மக பிரசவத்துக்கு சிங்கப்பூர் போயிருந்தேன், மூணு மாசம் இருந்தேன். எனக்கு கார்டு பிரச்சன வரல, வேற ஒண்ணு வந்துச்சு. ராத்திரி பூரா ஏசி ரூம்ல கேமரா கெடக்கும், காலையில கீழ எறங்கி வெளிய எடுத்ததும் லென்ஸ் பூரா ஆவி படிஞ்சு வெள்ளையாப் போயிரும். பேரன மொதமொத வெளிய தூக்கிட்டு வந்த அன்னைக்கு எடுத்தது எல்லாம் பனிக்குள்ள எடுத்த மாதிரி இருக்கு. நான் தெரியாம முந்தானையால தொடச்சேன், தொடச்ச அடுத்த நிமிசம் திரும்ப ஆவி. குளுந்த சொம்புல வெளிய தண்ணி முத்து முத்தா நிக்கும்லா, அதே கததான். அங்க காத்துல ஈரம் அவ்வளவு. அப்புறம் மருமவன் சொன்னாவ, வெளிய போறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே கேமராவ ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சு மூடி ஏசி இல்லாத எடத்துல வச்சிருங்க அத்தே, தண்ணி கவர் மேல நிக்கும், லென்ஸ்ல நிக்காதுன்னு. அதுக்குப் பொறவு ஒரு நாளும் தொந்தரவு இல்ல. மலேசியாவுலயும் அதே வேக்காடுதான், கவர் ரெண்டு எடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு, தெனம் ராத்திரி சாப்பிட்டதும் அன்னைக்கு எடுத்தத கார்ட் ரீடர் வச்சு போன்ல ஏத்திருவேன், ஆனா கார்டுல இருந்து அழிக்க மாட்டேன். கார்டு என் பையில, போன் எங்க வீட்டுக்காரர்ட்ட. ரெண்டும் ஒரே பையில இருந்தா ரெண்டு பிரதி இருந்து என்ன புண்ணியம். கார்டோட பக்கவாட்டுல ஒரு குட்டித் தள்ளு பட்டன் இருக்கும் பாருங்க, நெரஞ்ச கார்டுல அதக் கீழ தள்ளிவிட்டா திரும்ப அதுல யாரும் எழுதவும் முடியாது அழிக்கவும் முடியாது. பேரப்புள்ளைய கேமராவ எடுத்து வெளையாடும், அதுக்கு இது நல்ல காவலு.

மேலப்பாளையம் காக்கா:

சுருக்கமா சொல்லுதேன். நான் துபாய்ல 11 வருசம். ஸ்பேர் பேட்டரிய செக்-இன் பெட்டியில போடாதீய, கையில கொண்டுபோற பையிலதான் வைக்கணும், முனை ஒண்ணோட ஒண்ணு ஒரசாம டேப் ஒட்டியோ டப்பாவுல போட்டோ வைக்கணும். எக்ஸ்ரேக்கு மெமரி கார்டு பயப்படாது, பழைய ஃபிலிம் ரோலுக்குத்தான் அந்தக் கவல. மலேசியா, சிங்கப்பூர், துபாய் மூணுலயும் பிளக்கு சதுரமா மூணு கால், நம்ம உருண்டக் கால் ஏறாது, அடாப்டர் வேணும். சார்ஜர்ல 100-240ன்னு போட்டிருந்தா கரன்ட் பத்திக் கவலப்பட வேண்டாம்.

வெலை கூடுன கேமரான்னா இங்கன இருந்து போகும்போதே ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்கிட்ட காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிடுங்க, பில் காப்பியும் சீரியல் நம்பரும் வேணும், திரும்பி வரும்போது இது நம்ம ஊர்ல இருந்து போனதுதான்னு காட்ட அதுதான் சாட்சி. அங்கயே வாங்குறவிய வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு கேட்டுட்டு வாங்குங்க, பல கம்பெனி வாரண்டி அந்தந்த நாட்டோட நிக்கும். துபாய்ல முன்பின் தெரியாத ஆளுவள, முக்கியமா பொம்பளையள, கேக்காம படம் எடுத்துராதீய, அங்க அது சட்டப்படி குத்தம். பாலைவனத்துல லென்ஸ் மாத்தவே மாத்தாதீய, மணலு உள்ள போனா சென்சார் தொடைக்க தனியா ஒரு செலவு.

டவுன் தம்பி:

அண்ணாச்சி, டீச்சர், காக்கா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பாதிப் படத்துக்கு காரணம் இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு, இத்தன நாளு நான் ஏதோ பட்டன மாத்தி அமுக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அம்மாட்டயும் சொல்லிட்டேன்.

அண்ணாச்சி சொன்னபடி 64 ஜிபி ரெண்டு, வி30, பில்லோட வாங்கியாச்சு. நேத்து ராத்திரி ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா சோதனைக்குப் போட்டுட்டு உக்காந்திருந்தேன், முடியும்போது மணி பன்னெண்டரை, ரெண்டுலயும் தப்பு ஒண்ணும் இல்ல. ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல் செகண்ட்ஸ்ல ஒண்ணு கெடச்சுது, டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குனேன். ஞாயித்துக்கெழம விடியக்காலம் கூந்தன்குளம் பறவை சரணாலயம் போயி வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி இருந்து எடுத்துப் பழகுனேன், நாரை எல்லாம் தூரத்துல புள்ளியாத்தான் வருது, அதுக்கு இந்த ஜூம் பத்தாது, ஆனா அரை இருட்டுல கரையில நின்ன எங்க மாமா மொகம் தெளிவா வந்திருக்கு, எனக்கு வேண்டியது அதுதான்.

கார்டு மேல மார்க்கர்ல 1, 2ன்னு எழுதி ஒண்ண எங்கிட்டயும் ஒண்ண அம்மாவோட சுருக்குப் பையிலயும் வச்சிருக்கோம். பெரியம்மாட்ட போன்ல பேசியாச்சு, படி ஏற வேண்டாம், கீழ செலைக்கு முன்னால அதே எடத்துல வந்து நின்னா போதும்னு சொல்லிருக்கேன். அதே பச்சச் சேலையக் கட்டிக்கிட்டு வாரேன்னு சொன்னாவ.