ஆசிட் பட்டுத் தரை வெளுத்துவிட்டது, இன்சூரன்ஸ் கிடைக்குமா? அவசரம்

கோவை_கிளீனிங்:
வணக்கம். குடிபோகும் முன் வீட்டை முழுவதும் கழுவிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். நேற்று எங்கள் ஆள் ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் ஹால் முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு லட்சம் கேட்கிறார். எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது. கிடைக்குமா? இன்றே பதில் சொல்ல வேண்டும்.

பழைய_ஏஜென்ட்:
எந்த பாலிசி? முதல் பக்கத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது?

கல்_வேலை:
மார்பிளா, கிரானைட்டா? மார்பிளில் சுண்ணாம்புச் சத்து. ஆசிட் பட்டதும் நுரைத்து மேல்தோலை அரித்துவிடும். கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு மட்டும்தான் என்றால் அரைத்து மறுபடி பாலிஷ் போட்டால் போதும், கல்லை மாற்ற வேண்டியதில்லை. அதற்குள் இரண்டு லட்சத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

கோவை_கிளீனிங்:
மார்பிள்தான் அண்ணா. பாத்ரூமுக்குக் கொண்டுபோன ஆசிட். பாலிசியில் எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் என்று இருக்கிறது.

பழைய_ஏஜென்ட்:
அது உங்கள் ஆட்களுக்கு அடிபட்டால். அடுத்தவர் சொத்து என்றால் பப்ளிக் லயபிலிட்டி வேண்டும். இதெல்லாம் தொழில் தொடங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய விஷயம்.

மதுரைக்காரன்:
1991 சட்டப்படி அந்த இன்சூரன்ஸ் கட்டாயம் ஆயிற்றே?

பழைய_ஏஜென்ட்:
தம்பி, அது போபாலுக்குப் பிறகு, அபாயகரமான ரசாயனம் கையாளுகிறவர்களுக்காக வந்த சட்டம். நான் சொல்வது நாமே விரும்பி வாங்கும் பாலிசி. அது இருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஏணி சரிந்து டிவி உடைந்தால் தருவார்கள். தேய்த்துக்கொண்டிருந்த தரையே கெட்டுப்போனால், வேலை நடந்த பொருள் என்று பல பாலிசிகள் விலக்கிவிடும். வாங்கும்போது அந்த விலக்குப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

செல்வி_ஹவுஸ்கீப்பிங்:
தரையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊற்றியவர் கையில் பட்டதா? மொத்தம் எத்தனை பேர்? பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, கட்ட வேண்டும், சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு.

மதுரைக்காரன்:
எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி இருக்கும்போது அது எதற்கு? இரட்டைச் செலவு.

செல்வி_ஹவுஸ்கீப்பிங்:
இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் பாலிசியைக் காட்டித் தப்பிக்க முடியாது. முதலாளி தருவது 3.25 சதவீதம், எங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். என் அக்கா ஜன்னல் துடைக்கும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இரண்டு மாதம் அந்தப் பணத்தில்தான் அரிசி வாங்கினோம். செலவு என்று சொல்லாதீர்கள்.

மதுரைக்காரன்:
நான் சிறு முதலாளியின் கஷ்டத்தைச் சொன்னேன் அக்கா. மாதக் கடைசியில் பில் பணம் வராமல் சம்பளம் போடுவது எங்களுக்குத்தான் தெரியும்.

கோவை_கிளீனிங்:
ஏழு பேர்தான் அக்கா. நீங்கள் கேட்ட பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு விரல் நுனி வெந்து தோல் வெள்ளையாகச் சுருங்கியிருக்கிறது. கையுறை கொடுக்கவில்லை, என் தவறு. டாக்டரிடம் போகிறோம்.

பழைய_ஏஜென்ட்:
அப்படியென்றால் உங்கள் பாலிசி அவருக்குத்தான் உதவும். மருத்துவச் செலவும் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். பில் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

கோவை_கிளீனிங்:
நான்கு நாள் ஆயிற்று, மன்னிக்கவும். பாலிஷ்காரர் வந்து பார்த்து 38,000 சொன்னார், வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். கைக்காசுதான். விரல் ஆறி வருகிறது, மருந்து பில்லை அனுப்பியிருக்கிறேன்.