வெளிமாநிலத்தில் படித்தால் ஆசிரியர் லைசென்ஸ் செல்லுமா?

சாக்பீஸ்:
நேற்று ஒருவர் தங்கைக்காக யோசனை கேட்டிருந்தார். பெண் இருப்பது நியூஜெர்சி. ஹைஸ்கூலில் வரலாறு சொல்லித்தர ஆசை, வர்ஜீனியாவில் எம்.ஏ.டி. (ஆசிரியர் வேலைக்கான மாஸ்டர்ஸ்) படிக்கலாமா என்று கேள்வி. அதற்கு நெடுஞ்சாலை என்கிற மேதாவி உதிர்த்த முத்து இது: "மாநிலங்களுக்குள் ஆசிரியர் லைசென்ஸுக்காக நாஸ்டெக் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எங்கே படித்தாலும் லைசென்ஸ் எங்கேயும் செல்லும். ரேங்க் பார்த்துச் சேருங்கள்." வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் இப்படி அள்ளி விட்டால் எரிச்சல் வருமா, வராதா? செல்லாது சார். அந்த ஒப்பந்தம் "நீங்கள் படித்ததைப் பரிசீலிக்கிறோம்" என்பதோடு சரி. அதற்கு மேல் என்ன தேர்வு, என்ன கூடுதல் பாடம் என்பது போய்ச் சேரும் மாநிலத்தின் இஷ்டம். அரிசோனா போனால் அமெரிக்க அரசியலமைப்பு, அரிசோனா அரசியலமைப்பு இரண்டையும் படித்ததற்குச் சான்று கேட்பார்கள்.

நெடுஞ்சாலை:
எனக்காகத் தனி இழையே திறந்ததற்கு நன்றி. என் மைத்துனி ஒஹாயோவில் படித்துவிட்டு மேரிலாந்தில் பாடம் நடத்துகிறாள். லைசென்ஸ் செல்லாமலா மாதாமாதம் சம்பளம் போடுகிறார்கள்?

சாக்பீஸ்:
மைத்துனி என்ன பாடம்?

நெடுஞ்சாலை:
கணக்கு. அதனால் என்ன?

சாக்பீஸ்:
அப்படிப் போடுங்கள். கணக்கு டீச்சரைப் பள்ளிக்கூடமே வாசலுக்கு வந்து கூப்பிடும், காகிதம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தற்காலிக லைசென்ஸ் கொடுத்து உள்ளே உட்கார வைக்கும். வரலாறு அடங்கிய சோஷியல் ஸ்டடீஸில் ஒரு காலியிடத்துக்கு வரிசை நிற்கிறது. காகிதம் குறைந்தவரின் மனுவைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், செல்லாது.

நெடுஞ்சாலை:
வண்டி ஓட்டும் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்கிறது. இது மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

சாக்பீஸ்:
குடியேறினால் அதையும் மாற்றத்தான் வேண்டும். உதாரணமே உங்கள் கட்சியில் இல்லை.

அரைக்கணக்கு:
லைசென்ஸ் கிடக்கட்டும், பணத்தை யாரும் பேசவில்லையே. அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் தனி. படிக்கத்தான் வந்தார் என்றால், ஒரு வருடம் அங்கேயே வாடகை கொடுத்துக் குடியிருந்தாலும் உள்ளூர்க் கட்டணம் லேசில் கிடைக்காது. தெற்கு மாநிலங்கள் ஒன்றின் மாணவருக்கு இன்னொன்று உள்ளூர்க் கட்டணம் போடும் அகாடமிக் காமன் மார்க்கெட் சலுகையும் உதவாது: நியூஜெர்சி அதில் இல்லை. இருந்தாலும் சொந்த மாநிலத்தில் கிடைக்காத படிப்புக்குத்தான் அது. ஆசிரியருக்கான மத்திய அரசுக் கல்விக் கடன் தள்ளுபடியைப் பாருங்கள். வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்தால் ஹைஸ்கூல் கணக்கு, அறிவியல் ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை. வரலாற்றுக்கு 5,000. டீச் கிராண்ட் என்கிற படிப்பு உதவித்தொகை வருடத்துக்கு 4,000 டாலர் வரை தருவார்கள்தான், ஆனால் தட்டுப்பாடுள்ள பாடத்துக்கு. நிபந்தனை தவறினால் மொத்தமும் வட்டியோடு கடனாகிவிடும்.

நெடுஞ்சாலை:
நல்ல தகவல். ஆனால் பேச்சு லைசென்ஸைப் பற்றி.

சாக்பீஸ்:
பேச்சை மாற்றாதீர்கள் என்று நீங்கள் சொல்கிறீர்களா! போன வருடம் வட கரோலினாவில் மாஸ்டர்ஸ் முடித்தால் சம்பளம் கூடும் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள்தானே? அந்தச் சலுகையை 2013-இலேயே சட்டமன்றம் நிறுத்திவிட்டது. அதை நம்பிச் சேர்ந்தவர்கள் என்ன ஆனார்களோ.

நெடுஞ்சாலை:
முன்பே மாஸ்டர்ஸ் வாங்கியவர்களுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது உங்கள் பழைய வழக்கம்.

பழையபாடம்:
இரண்டு பேரும் எம்.ஏ.டி.யைச் சுற்றியே வருகிறீர்கள். வரலாறு சொல்லித்தர வேண்டுமானால் வரலாற்றில் எம்.ஏ. படிக்கட்டும். பின்னால் கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருடக் கல்லூரியிலும் கதவு திறக்கும். ஆவணக் காப்பகத்தில் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காதவர் பிள்ளைகளுக்கு என்ன வரலாறு நடத்துவார்?

சாக்பீஸ்:
வெறும் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு அரசுப் பள்ளி வகுப்பில் நிற்க முடியாது ஐயா, பயிற்சியும் லைசென்ஸும் தனியாக வாங்க வேண்டும். நானும் எம்.ஏ.டி.தான். பெட்டியும் திறந்திருக்கிறேன், கடைசி பீரியடில் முப்பது பிள்ளைகளையும் சமாளித்திருக்கிறேன். இரண்டாவதை எந்தக் காப்பகமும் கற்றுத்தராது.

பழையபாடம்:
சோஷியல் ஸ்டடீஸ் வாத்தியார் வேலையைப் பல ஊரில் ஃபுட்பால் கோச்சுக்குத்தான் கொடுக்கிறார்கள். உங்களுக்கும் விசில் இருக்கிறதா?

சாக்பீஸ்:
இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

தங்கைக்காக:
அண்ணன்மார்களே, கேள்வி கேட்டவன் நான்தான். விண்ணப்பத்துக்கு நாள் நெருங்குகிறது. நியூயார்க்கிலும் வேலை தேடலாம் என்கிறாள். வர்ஜீனியாவா, வேண்டாமா?

சாக்பீஸ்:
தம்பி, நியூயார்க் என்றால் இன்னும் கெடுபிடி. அங்கே தேர்வுகளே சொந்தமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேலி, துன்புறுத்தலிலிருந்து காக்கும் டாசா சட்டத்துக்கென்று ஆறு மணி நேரப் பயிற்சி கட்டாயம். முதல் லைசென்ஸ் வாங்கி ஐந்து வருடத்துக்குள் மாஸ்டர்ஸ் முடித்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் உங்கள் தங்கைக்கு முன்கூட்டியே தீர்ந்துவிடும். இன்னொன்று கேளுங்கள். ஸ்டூடன்ட் டீச்சிங், அதாவது படிக்கும்போதே வகுப்பெடுத்துப் பழகும் பயிற்சி, பல்கலைக்கழகத்தை ஒட்டிய பள்ளிகளில்தான் போடுவார்கள். ஒரு செமஸ்டர் அங்கே பிள்ளைகளோடு பழகி, பிரின்சிபால் கண்ணில் பட்டு, அந்தப் பள்ளி மாவட்டத்தில் இடம் காலியாகும்போது பெயர் அடிபடும். வர்ஜீனியாவில் சம்பாதித்த நல்ல பெயரை நியூஜெர்சியில் யார் கேட்பார்கள்? எங்கே வேலை பார்க்க ஆசையோ அங்கேயே படிக்கச் சொல்லுங்கள்.

அரைக்கணக்கு:
அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கும் பாருங்கள். இந்தப் படிப்பு எந்தெந்த மாநிலத்தின் லைசென்ஸ் விதிக்குப் பொருந்தும் என்று வெளியிட வேண்டும் என்பது மத்திய அரசு விதி. நியூஜெர்சி, நியூயார்க் வரிசைகளைப் படியுங்கள்.

நெடுஞ்சாலை:
அதில் நியூஜெர்சிக்கு நேராக "பொருந்தும்" என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? செல்லும் என்றுதானே?

சாக்பீஸ்:
படிப்பு பொருந்தும். விண்ணப்பம் புதிதாகப் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும், கேட்கிற தேர்வு மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும்.

நெடுஞ்சாலை:
ஆக, செல்லும்.

சாக்பீஸ்:
செல்லாது. மேரிலாந்தில் எத்தனை படிவம் நிரப்பினாள் என்று மைத்துனியிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

நெடுஞ்சாலை:
என் குடும்பத்தை இழுக்காமல் உங்களால் நாலு வரி எழுத முடியாதா?

சாக்பீஸ்:
மைத்துனியை இழுத்து வந்ததே நீங்கள்தான். மேலே போய்ப் படியுங்கள்.

பழையபாடம்:
விசில் விஷயம் அப்படியே நிற்கிறது.