வடசென்னை கார் கிளப்: டீக்கடையைத் தாண்டி என்ன செய்யலாம்?

கொளத்தூர்_ஸ்டியரிங்:
கொளத்தூர், பெரம்பூர், திருவொற்றியூர் ஆளுங்க சேர்ந்து கார் கிளப் ஆரம்பிச்சிருக்கோம். ஸ்விஃப்ட், ஐ20, ரெண்டு பழைய பெட்ரோல் அம்பாசிடர். ஞாயிறு காலையில கூடறோம், டீ குடிக்கிறோம், கலைஞ்சுடறோம். மாசம் ஒரு தடவை குடும்பத்தோட, பெரிய செலவில்லாம என்ன செய்யலாம்? ரேஸ் வேணாம்.

மீட்டர்_கணக்கு:
டி.எஸ்.டி. ராலி நடத்துங்க, நண்பரே. டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ், அதாவது நேரம், வேகம், தூரம் கணக்குப் பார்த்து ஓட்டற ராலி. குடும்பத்துக்கு இதைவிட நல்ல கார் விளையாட்டு கிடையாது. வேகமா வந்தவருக்குப் பரிசில்லை. சொன்ன சராசரி வேகத்தைப் பிசகாமப் பிடிச்சவருக்குத்தான். ஓட்டறவரைவிடப் பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் போடறவருக்கு வேலை ஜாஸ்தி. பத்தாவது படிக்கிற பிள்ளையே அசத்தும்.

ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டுல இருந்து பெரியபாளையம் வழியா ஊத்துக்கோட்டை வரைக்கும் தோதான ரோடு. ஆடி மாச ஞாயிறு மட்டும் வேணாம், பவானி அம்மன் கோயில் கூட்டத்துல எந்தச் சராசரியும் நிக்காது.

வழியை ஒரே கார்ல ரெண்டு தடவை ஓட்டி அளங்க. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தூரமும் அடையாளமும் எழுதி ரோடு புக் கொடுங்க. முதல் 10 கி.மீ. அவங்கவங்க கார்ல ஓடின தூரம் காட்டற மீட்டரை ஒத்துப் பார்க்க மட்டும். அங்க ஒருத்தர் மீட்டர் 10.2 காட்டினா, ரோடு புக் தூரம் எல்லாத்தையும் அவர் 1.02ஆல பெருக்கிக்கணும். டயர் தேஞ்சா சுற்றளவு குறையும், சக்கரம் கூடச் சுத்தும், மீட்டரும் கூடக் காட்டும். பெருக்காம விட்டா 30 கி.மீ.ல 600 மீட்டர் பிசகும்.

சராசரி மணிக்கு 36 கி.மீ. வெச்சா கிலோமீட்டருக்குச் சரியா 100 செகண்ட். 30 வெச்சா 120. முதல் தடவைக்கு 30 போதும். கூட வெச்சா, நாலு மாடு குறுக்க வந்ததும் இழந்த நேரத்தைப் பிடிக்க விரட்ட ஆரம்பிச்சுடுவாங்க. நேரம் குறிக்கிற செக்பாயின்ட்டை வளைவுக்கு அந்தப் பக்கம் வைங்க. தூரத்துலயே தெரிஞ்சா எல்லாரும் ஓரங்கட்டி நின்னு நேரத்தைச் சரிக்கட்டிடுவாங்க. லேட்டுக்கு செகண்டுக்கு 1 புள்ளி, சீக்கிரம் வந்தா 2ன்னு கழிச்சா அவசரம் அடங்கும்.

உப்புக்காத்து:
டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள பழவேற்காடு போங்க, பூநாரை வர்ற சமயம். எண்ணூர் வழி வேணாம். கன்டெய்னர் லாரிக்கு நடுவுல கான்வாய், அதான் வரிசையாப் போற நம்ம வண்டிங்க, துண்டு துண்டாயிடும். ஜி.என்.டி. ரோடு, தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரின்னு போங்க. நல்லூர் டோல் தாண்டி, எல்லாரும் சேர்ந்த பிறகு கிளம்புங்க. வழியில சோழவரம் வரும். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தின ஊர், பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

ஒரு கான்வாய்க்கு ஆறு வண்டி. திரும்பற இடத்துல, பின்னாடி வண்டி உங்களைப் பார்த்து இண்டிகேட்டர் போட்ட பிறகே நீங்க திரும்பணும். ஓடும்போது ஹசார்டு லைட் (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்றது) போடவே கூடாது, நீங்க எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு யாருக்கும் தெரியாது.

கடலோர உப்பு துரு பிடிக்க வைக்கும், அதனால வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவையும் நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவணும். அடுத்த சந்திப்பை வண்டி பராமரிப்புக்குன்னு வெச்சுக்குங்க. கதவோட அடி விளிம்புல சின்னச் சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை விட்டு மண்ணை எடுங்க. கம்பி விட்டா பெயின்ட் கீறி அங்கேயே துரு பிடிக்கும். ஆன்டி-ரஸ்ட் அடிக்கிறப்போ அந்த ஓட்டையையும் சேர்த்து மூடிட்டா, தண்ணி உள்ளேயே நின்னு கதவு கீழே இருந்து பொத்துப்போகும்.

கொளத்தூர்_ஸ்டியரிங்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அம்பாசிடரும் ராலிக்கு வரலாமா? இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

பாயின்ட்_செட்:
தாராளமா வரலாம். பழைய இன்ஜின்ல தீப்பொறிக்காகத் திறந்து மூடற கான்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. இருக்கான்னு ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) பாருங்க. இப்போ வர்ற இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸை இளக வைக்கும். எத்தனால் தாங்கற ஹோஸ் போடுங்க. டேங்க்ல ஒட்டியிருக்கிற துருவையும் கிளப்பி விடும், அதனால பெட்ரோல் ஃபில்டர் ரெண்டு கையில வைங்க.

இன்சூரன்ஸ்தான் முக்கியம். தனியார் கார் பாலிசியில ரேஸ், வேகச் சோதனை மட்டுமில்லை, ரிலையபிலிட்டி டிரையலுக்கும் (வண்டி நம்பகமா ஓடுதான்னு பார்க்கற போட்டி) கவர் கிடையாது. ராலிக்குன்னு கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில கூடுதல் கவர் சேர்க்கிற குறிப்பு, வாங்கலாம். கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. அனுமதியில்லாம பொது ரோட்டுல போட்டி போட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு பாயும். டி.எஸ்.டி. வேகப் போட்டி இல்லைதான், ஆனாலும் வழி, நாள், வண்டி எண்ணிக்கை, சராசரி வேகம் எல்லாம் எழுதிக் காவல்துறையில கொடுத்து அனுமதி வாங்கின பிறகே ரோடு புக் அடிங்க.