14 அடி பாய்ப்படகு வாங்கியாச்சு, ட்ரெய்லர் கத்துது, எங்க இறக்குறதுன்னும் தெரியல

ஒழுகினசேரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். துபாய்ல இருந்து மொத்தமா வந்து ஒரு வருசம் ஆச்சு, அங்க லேசர் போட் (ஒரு ஆள் ஓட்டுற சின்ன பாய்ப்படகு) ஓட்டிப் பழகுன ஆசை விடல, போன மாசம் கொச்சில ஒருத்தர்ட்ட 14 அடி ஃபைபர் பாய்ப்படகு செகண்ட் ஹேண்டா ட்ரெய்லரோட வாங்கிட்டேன். ரெண்டு பாய், அலுமினிய மாஸ்ட் (பாய் கட்டுற கம்பம்), படகு நடுவுல தண்ணிக்குள்ள தூக்கி இறக்குற பலகை, அதான் சென்டர்போர்டு. வீட்டுல "இந்த காசுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலாவது தரும்"னு ஒரே பேச்சு.

களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் பாலம் ஏறும்போது ட்ரெய்லர் கிரீச்னு கத்த ஆரம்பிச்சது, வீடு வர்ற வரைக்கும் நிக்கல, இறங்கி தொட்டுப் பாத்தா இடது பக்க வீல் ஹப் (சக்கரத்து நடுவுல பேரிங் இருக்கிற குடம்) கை வைக்க முடியாத சூடு. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல "மேல கிரீஸ் அடிச்சா சரியாயிரும்"னாங்க. நம்பலாமா? அப்புறம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க இறக்குறது, முட்டமா, தேங்காப்பட்டணமா, பேசாம பேச்சிப்பாறை போயிரலாமா? ஞாயித்துக்கெழம மட்டும்தான் லீவு. இப்போதைக்கு படகு வீட்டு முத்தத்துல தென்னை மரத்தடில நிக்குது.

பழைய எஞ்சின்ரூம்

தம்பி, மேல கிரீஸ் அடிக்கிறது செத்தவனுக்கு பவுடர் போடுற மாதிரி. ஹப்ப கழட்டுங்க. உள்ள இருக்கிற கிரீஸ் பால் டீ கலர்ல இருந்தா உப்புத்தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம், பேரிங் ரெண்டும், தண்ணி ஏறாம தடுக்கிற சீலும் மாத்திரணும், துடைச்சு திரும்பப் போடுற வேலையே வேண்டாம். இது ஏன் வருதுன்னா ரோட்டுல ஓடி வந்த ஹப் சூடா இருக்கும், அப்படியே தண்ணில இறக்குனா உள்ள இருக்கிற காத்து டக்குன்னு குளிர்ந்து சுருங்கி சீல் வழியா தண்ணிய உறிஞ்சி இழுத்துரும், அப்புறம் நீங்க அத ரெண்டு வாரம் முத்தத்துல போட்டு வச்சா உள்ளயே துரு பிடிக்கும். அதனால போய் சேந்ததும் உடனே இறக்காதீங்க, மாஸ்ட் நிறுத்தி பாய் மாட்ட எப்படியும் அரை மணிநேரம் ஆகும், அதுக்குள்ள ஆறிரும். ஆனா என்னைக் கேட்டா ட்ரெய்லர தண்ணில இறக்கவே வேண்டாம், நூறு கிலோ சொச்சம் இருக்கிற படகு, நாலு பேர் பிடிச்சா தூக்கிரலாம், இல்ல பெரிய டயர் போட்ட கைவண்டி ஒண்ணு வெல்டிங் கடைல அடிச்சுக்கோங்க.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன். மாஸ்ட பிடிச்சிருக்கிற ஸ்டெயின்லெஸ் ஒயர் பூரா ஒரு பஞ்ச மேல இருந்து கீழ வர தடவுங்க, எங்க பஞ்சு மாட்டுதோ அங்க இழை அறுந்திருக்கு, அந்த ஒயர் அவ்ளோதான். கீழ முனைல பிரஸ் பண்ணியிருக்கிற இடத்துல பழுப்பா கசிஞ்சிருந்தாலும் மாத்திருங்க. அலுமினியத்துல ஸ்டீல் ரிவெட் இருக்கிற இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும் பாருங்க, உப்பு பட்டா ஸ்டீல் அலுமினியத்த தின்னுரும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க, பாய நிழல்ல காயப்போட்டு சுருட்டி வைங்க, மொட்டை மாடி வெயில் வேண்டாம்.

தென்னந்தோப்பு

மொதல்ல படக மரத்தடில இருந்து எடுங்க அண்ணே. எனக்க மாமா வச்சிருந்த ஃபைபர் வள்ளத்துல ஒரே ஒரு தேங்கா விழுந்துது, இந்தப் பக்கம் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் போச்சு.

மணக்குடி அணியம்

மக்கா, தேங்காப்பட்டணம் பேச்சே எடுக்காத. அந்த ஹார்பர் வாய்ல மண்ணு அடிச்சு அல மடங்குற எடத்துல எஞ்சின் வச்ச வள்ளமே மறிஞ்சு எத்தன உசிரு போயிருக்கு. முட்டத்துல ஹார்பருக்குள்ள ஒரே போட் நெரிசல், பாய் வச்சு திருப்ப எடம் காணாது. பேச்சிப்பாறைல மலை இடுக்குல இருந்து காத்து திசை மாறி மாறி அடிக்கும், அதுவுமில்லாம அணைல சும்மா கொண்டு போய் இறக்க முடியாது, அனுமதி வாங்கணும்.

பழகுற வரைக்கும் மணக்குடி காயல்ல ஓட்டு. பழையாறு வந்து சேர்ற எடம், அல கெடையாது. பாலத்துக்கு அடில மட்டும் போகாத, உனக்க மாஸ்ட் இடிக்கும். பொழி (காயல் கடல்ல சேர்ற வாய்) தொறந்து கெடக்கும்போது வத்தம் அடிச்சா, அதாவது கடல் தண்ணி எறங்குற நேரம், தண்ணி கடலுக்கு இழுக்கும், அந்த நேரம் பொழிப் பக்கம் அண்டாத. கரைல மாஸ்ட் நிறுத்துறதுக்கு முன்னாடி தலைக்கு மேல கரண்டு கம்பி இருக்கான்னு பாரு, அலுமினியக் கம்பத்த கைல பிடிச்சுட்டு நிக்கிற பாத்துக்கோ.

காத்து விசயம்: இப்ப தை மாசம், காலைல கரைக்காத்து, உன்ன வெளிய தள்ளும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து, கரைக்கு கொண்டு வந்து சேக்கும். புதுசா ஓட்டுறவன் ரெண்டாவதுலதான் இறங்கணும். மே கடைசில படக ஏறக்கட்டிரு, ஆனி ஆடில நாங்களே கடலப் பாத்துட்டு கரைல இருப்போம். காத்தே இல்லாம வெயிலடிக்கும்போதும் கள்ளக்கடல் (தூரத்துல இருந்து திடீர்னு வர்ற பெரிய அல) ஏறும், 2024 மே மாசம் லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவங்க போனது அப்படித்தான். இன்காய்ஸ் (மத்திய அரசோட கடல் தகவல் மையம்) எச்சரிக்கைய பாக்காம கடல் பக்கம் வராத.

ஞாயித்துக்கெழம வேண்டவே வேண்டாம். எங்க ஊருங்கள்ல அன்னைக்கு யாரும் கடலுக்குப் போமாட்டோம், நீ மறிஞ்சா தூக்க ஒரு வள்ளம் வராது. சனிக்கெழம வா. லைஃப் ஜாக்கெட் போடு, ஃபோன தண்ணி போகாத பைல வை, 1093 கடலோர காவல், 1554 கோஸ்ட் கார்டு, ரெண்டையும் சேவ் பண்ணி வை.

ஒழுகினசேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஹப்ப கழட்டுனேன், சொன்ன மாதிரியே பால் டீ, உள் பேரிங்ல ரெண்டு உருளை செதில் செதிலா உரிஞ்சு கெடந்துது. வலது பக்கமும் சந்தேகப்பட்டு தொறந்தா அதுவும் அப்படித்தான். மொத்தமா மாத்தியாச்சு. பஞ்சு ஒரு எடத்துல மாட்டுச்சு, ஒயருக்கு சொல்லி விட்டிருக்கேன். படகு இப்ப கார் ஷெட்ல, கார் தென்னை மரத்தடில, வீட்டுல அதுக்கு தனியா சண்டை.

அணியம் அண்ணே, ஒண்ணு சொல்ல வெக்கமா இருக்கு. போன வாரம் யார்ட்டயும் கேக்காம காயல்ல ஒரு தடவ இறக்கிட்டேன். பத்து நிமிசத்துல படகு கனக்க ஆரம்பிச்சது, என்னன்னு பாத்தா பின்னாடி தண்ணி வடிக்கிற ஓட்டைக்கு பிளக் போடல, பிளக் கார் டேஷ்போர்டுல இருக்கு. இடுப்பளவு தண்ணிங்கிறதால இறங்கி தள்ளிட்டு வந்தேன், கரைல வலை பின்னிட்டிருந்த ஒரு பெரியவர் தலைய நிமுத்தாமலே "கப்பல் வந்தாச்சா"ன்னார்.

இப்ப பிளக் மூணு வாங்கி ஒண்ண படகுலயே கயிறு போட்டு கட்டியாச்சு. வர்ற சனி லீவு சொல்லிட்டேன், ஒயர் வந்துட்டா மூணு மணிக்கு மணக்குடில இருப்பேன்.

மணக்குடி அணியம்

வா. அந்த பெரியவரு எனக்க அப்பாதான்.