ஆங்கிலத்தில் ஃபைனைட் வேர்ப் எது, நொன் ஃபைனைட் எது? உதவுங்கோ

உப்புவெளி மாணவி:
நான் இந்த முறை ஓ.எல். எழுதுறன். "ஃபைனைட் வேர்பின் கீழ்க் கோடிடுக" என்று பத்து வசனம் தந்தார்கள், நாலுதான் சரி வந்தது. பிழைத்ததில் மூன்று:

மை அங்கிள் வென்ட் டு கிண்ணியா டு பை ஃபிஷ். (வென்ட், பை இரண்டுக்கும் கோடு போட்டேன்.)
ஷீ இஸ் க்ளீனிங் த நெட். (க்ளீனிங்.)
த போட் பெயின்டட் யெஸ்டர்டே இஸ் மைன். (பெயின்டட்.)

விடைகள் வென்ட், இஸ், இஸ். வலையைத் துப்பரவாக்குறதுதானே வேலை? "இஸ்" எப்படி வரும்? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

கிண்ணியா அண்ணா:
தங்கச்சி, கடைசியில் எஸ், இ.டி. இருந்தா ஃபைனைட். ஐ.என்.ஜி. இருந்தா, முன்னால டு வந்தா நொன் ஃபைனைட். நான் அப்படித்தான் பாடமாக்கினேன்.

உப்புவெளி மாணவி:
அண்ணா, பெயின்டட்டில் இ.டி. இருக்கே? வென்ட்டில் ஒன்றுமே இல்லையே?

மூதூர் டீச்சர்:
மகள், வாலைப் பார்த்துப் பிடிக்கப் போனால் இப்படித்தான் மாட்டுவீங்க. தமிழ்ப் பாடத்தில் படிச்ச முற்றையும் எச்சத்தையும் எடுங்க. "மாமா மீன் வாங்கக் கிண்ணியாவுக்குப் போனார்." "வாங்க" என்றதோட நிறுத்தினா வசனம் முடியுமா? அது எச்சம். "போனார்" முற்று. ஆங்கிலத்திலும் டு பை எச்சம், வென்ட் முற்று.

இனிச் சோதனை. வசனத்தின் காலத்தை மாற்றுங்க. எந்தச் சொல் உருமாறுதோ அது ஃபைனைட். ஷீ இஸ் க்ளீனிங், நேற்றென்றால் ஷீ வாஸ் க்ளீனிங். க்ளீனிங் அசையவே இல்லை. ஆளை மாற்றினாலும் அப்படித்தான்: ஐ ஆம் க்ளீனிங், தே ஆர் க்ளீனிங். வேலையின் பொருள் க்ளீனிங்கில இருக்கு, காலமும் ஆளும் இஸ்ஸில இருக்கு. நீங்க பொருளைத் தேடிட்டீங்க, கேள்வி கேட்டது காலத்தைச் சுமக்கிற சொல்லை.

"டஸ் ஷீ கோஸ்" என்று பிள்ளைகள் எழுதுறதும் இதாலதான். டஸ் ஏற்கெனவே சுமையைத் தூக்கிட்டுது, பிறகு கோ மட்டும் போதும்.

பெயின்டட்தான் உண்மையில் கள்ளன். வள்ளமா பெயின்ட் அடிச்சது? இல்லை. "நேற்றுப் பெயின்ட் அடிச்ச வள்ளம் என்னுடையது." "அடிச்ச" பெயரெச்சம். தமிழில் பெயரெச்சமே காலம் காட்டும், அடிச்ச, அடிக்கிற என்று. அதனால இங்க இ.டி.யைக் கண்டதும் இறந்தகால முற்றென்று நினைக்கிறோம். இடையில் விச் வாஸ் போட்டுப் பாருங்க: த போட் விச் வாஸ் பெயின்டட் யெஸ்டர்டே. பொருள் மாறாமல் பொருந்தினால் அது எச்சம். அதே பெயின்டட், "ஹீ பெயின்டட் த போட்" என்று வந்தால் முற்று. சொல்லைத் தனியாகப் பிடிச்சுக் கேட்டால் பதில் வராது, வசனத்தில வைத்துத்தான் பார்க்கணும்.

கிண்ணியா அண்ணா:
டீச்சர், அப்ப மஸ்ட்? அது காலத்துக்கும் மாறாது, ஆளுக்கும் மாறாதே.

மூதூர் டீச்சர்:
நல்ல கேள்வி தம்பி. கேன் குட் ஆகும், வில் வுட் ஆகும், மஸ்ட் அப்படியே நிற்கும். ஆனாலும் அந்தக் கூட்டம் முழுக்க ஃபைனைட்தான். "ஷீ மஸ்ட் கோ"வில் மஸ்ட் முற்று, கோ எச்சம். இந்த இடத்தில் என் சோதனை உதவாது, மனதில வைக்கத்தான் வேணும்.

உப்புவெளி மாணவி:
நானாக ஒன்று எழுதினேன், பாருங்கோ டீச்சர். "ஸீயிங் த ஹொட் வெல்ஸ் அட் கன்னியா, த சில்ட்ரன் வோன்டட் டு பேத்." கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கண்டு, பிள்ளைகள் குளிக்க விரும்பினார்கள். கண்டு, குளிக்க இரண்டும் எச்சம். அதனால் ஸீயிங், டு பேத் இரண்டும் நொன் ஃபைனைட். வோன்டட் ஒன்றுதான் ஃபைனைட், ஏனென்றால் இன்றைக்கென்றால் வோன்ட் ஆகும்.

மூதூர் டீச்சர்:
முழுதும் சரி மகள். மிச்சம் பிழைத்த மூன்றையும் இதே மாதிரித் தமிழில சொல்லிப் பார்த்துட்டுப் போடுங்க.